பழைய பெட்டியிலிருந்து ஒரு மொறிஸ் மைனர்: பிளாஸ்ரிக் மாதிரிக் கார் கட்டும் முழுமையான வழிகாட்டி

1960களிலோ 70களிலோ வார்க்கப்பட்டு, யாரோ வாங்கிக் கட்டாமல் விட்டு, லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து உறவினரின் பயணப் பொதியில் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ வந்து சேர்ந்த பிளாஸ்ரிக் கார்ப் பெட்டி ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அதை முதல்முறை கட்டப்போகிறவருக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது மொறிஸ் மைனர். ஒஸ்ரின், போர்ட், வொக்ஸ்வாகன் எதுவாக இருந்தாலும் வேலை முறை ஒன்றுதான்.

என்னிடம் பழக வருகிற பிள்ளைகள் கைத்திறன் இல்லாமல் தடுமாறுவதில்லை. வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் விளக்கத்தாள் ஒட்டும் வரிசையை மட்டுமே சொல்கிறது. எதை எப்போது கழுவுவது, எதை ஒட்டுமுன் நிறம் பூசுவது என்று சொல்வதில்லை. பழைய பெட்டிக்கு மாற்றுப்பாகமும் கிடையாது. ஆகவே இரண்டு விதிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். திருத்தக்கூடிய வேலைகள் முன்னால், திருத்தமுடியாத வேலைகள் பின்னால். பசை, தின்னர், பெயின்ற் எதுவானாலும் முதலில் பாகங்களைத் தாங்கிநிற்கும் வெற்றுச் சட்டத்தில் பரீட்சித்துப் பார்த்த பிறகே காரில்.

1. எந்த ஆண்டுக் கார் என்று முடிவெடுத்தல்

பெட்டியில் அளவுவிகிதம் எழுதியிருக்கும். எயார்பிக்ஸ் போன்ற பிரித்தானியச் சிறு பெட்டிகள் பெரும்பாலும் 1/32. அமெரிக்கப் பெட்டிகள் 1/25, ஜப்பானியப் பெட்டிகள் 1/24. மொறிஸ் மைனரின் முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவரை நிஜத்தில் 2184 மில்லிமீற்றர். அது 1/32 இல் ஏறத்தாழ 68, 1/24 இல் 91 மில்லிமீற்றர். அடித்தட்டை அளந்து இந்த எண்களோடு ஒப்பிட்டு வையுங்கள். வளைந்துபோன அடித்தட்டு இந்த அளவிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது ஆண்டு. 1956 வரை வந்த மைனரின் முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருக்கும். அந்த ஆண்டில் வந்த மைனர் 1000 இல் அது ஒரே வளைந்த கண்ணாடி. 1961 வரை கதவுக்குப் பின்னுள்ள தூணிலிருந்து கைபோல் நீளும் சிக்னல் இருந்தது. அதன்பின் மின்னும் விளக்குகள். உங்கள் பெட்டியில் இருப்பது எது என்று பாருங்கள். தூணில் உள்ள பள்ளத்தை நிரப்புவதா விடுவதா என்பதைப் பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசுமுன் தீர்மானித்தாக வேண்டும். பூசியபின் அதில் கைவைத்தால் உடல் முழுவதையும் மறுபடி தேய்க்க நேரிடும்.

முடிந்தால் நிஜக் கார் ஒன்றைப் போய்ப் பாருங்கள். ஏ9 வீதியோரக் கராஜ்களிலும் பழைய வளவுகளிலும் இன்னும் நிற்கின்றன. உரிமையாளரைக் கேட்டு முன், பின், இரு பக்கம், சில்லு, உள்பக்கம், அடிப்பக்கம் என்று படம் எடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நம் ஊரில் ஓடும் மைனர்கள் தொழிற்சாலையில் இருந்து வந்தபடி இல்லை. வேறு காரின் பம்பர், பிறகு பொருத்திய சிக்னல், கராஜில் கலந்த நிறம், பொருந்தாத சில்லு மூடி எல்லாம் சகஜம். தொழிற்சாலைக் காரா, ஊர்க் காரா என்று ஒன்றைத் தெரிந்தெடுங்கள். நான் ஊர்க் காரின் பக்கம். இரண்டையும் கலந்தால் எதுவுமாக இல்லாமல் போகும்.

2. முன்கூட்டிச் சேர்க்கவேண்டியவை

வெட்டுவதற்கு மெல்லிய அலகு மாற்றும் கத்தி ஒன்று, பாகங்களைச் சட்டத்திலிருந்து பிரிக்க நகவெட்டி ஒன்று. விசேஷ இடுக்கி இல்லை என்று வேலையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஹாட்வெயார்க் கடையில் 400, 600, 1000, 2000 இலக்க வோட்டர் பேப்பர், மாஸ்கிங் ரேப், டேர்பன்டைன், சிறு பேணி எனாமல் பெயின்ற். தையற்பெட்டியில் இருந்து ஊசி, உடுப்புக் கிளிப். தட்டையான கண்ணாடித் துண்டு ஒன்று கட்டாயம். சில்லு நேராக்குவதற்கும் ரேப் வெட்டுவதற்கும் அதுதான் மேசை.

பசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அதிக பாகங்கள் பாழாவது இங்கேதான். இந்தப் பெட்டிகள் பொலிஸ்ரைரீன் என்ற பிளாஸ்ரிக்கால் ஆனவை. மாதிரிகளுக்கென்று விற்கும் சிமெந்து உண்மையில் பசையல்ல. அது இரு பக்கத்தையும் சற்றே கரைத்து ஒன்றாக இணைக்கிறது. தண்ணீர்போல் மெல்லியதும் தூரிகை உள்ளதுமான வகை சிறந்தது. அது கிடைக்காவிட்டால் கராஜில் பெயின்ற் கலக்கும் என்சி தின்னரை மெல்லிய தூரிகையால் இணைப்பில் தொட்டு விடலாம். அதுவும் அதே வேலையைச் செய்யும். ஆனால் கடைக்குக் கடை தின்னரின் கலவை மாறும். சட்டத்தின் இரு துண்டுகளை ஒட்டிப் பார்த்த பிறகே காருக்குக் கொண்டுபோங்கள்.

தண்ணீர்க் குழாய் ஒட்டும் பிவிசி கம் வேண்டாம். அது கெட்டியாக நின்று மெல்லிய சுவரைக் குழியாக்கிவிடும். நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிற்றோன் பொலிஸ்ரைரீனை அரிக்கும், துடைக்கக்கூட எடுக்காதீர்கள். சுப்பர் குளு உலோகத்துக்கும் வேறு பிளாஸ்ரிக்குக்கும் சரி; காரின் கண்ணாடியாக வரும் தெளிவான பிளாஸ்ரிக் பாகத்துக்கு அருகிலும் ஆகாது. காரணம் 11ஆம் பகுதியில். வெள்ளை மரப்பசை ஒரு போத்தல் வாங்கி வையுங்கள். கடைசியில் அதிகம் உதவுவது அதுதான்.

வெளிநாட்டில் இருந்து வருகிறவரிடம் எரியக்கூடிய பெயின்றும் சிமெந்தும் கேட்காதீர்கள். விமானத்தில் தடை, விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். கத்தி அலகு, மெல்லிய தூரிகை, மாதிரிக்கான மாஸ்கிங் ரேப் கேளுங்கள்.

இடம்: காற்றோட்டமுள்ள விறாந்தை. தின்னரும் சிமெந்தும் திறந்திருக்கும்போது அருகில் நுளம்புச் சுருள் எரியக்கூடாது. மாலையில் வேலை செய்கிறவர்கள் பழக்கத்தில் கொளுத்திக் காலடியில் வைத்துவிடுகிறார்கள். நுளம்பு தொல்லை என்றால் மின்விசிறி போடுங்கள், அல்லது பகலில் செய்யுங்கள்.

3. மாதமும் நேரமும்

வன்னியில் இந்த வேலைக்குப் பஞ்சாங்கம் பார்க்கத்தான் வேண்டும். வெட்டுவது, தேய்ப்பது, ஒட்டுவது எப்போதும் செய்யலாம். உடலுக்கு நிறம் பூசுவதை எப்போதும் செய்யமுடியாது.

ஐப்பசியில் தொடங்கி மார்கழிவரை மழைக்காலத்தில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். விரைவாக உலரும் ஸ்பிறே பெயின்ற் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிரவைக்கும். அதில் ஈரம் படிந்து பளபளப்பு வெண்புகைபோல் மங்கும். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று கிறவல் புழுதியைத் தூக்கிக்கொண்டு வரும். நண்பகல் வெயிலில் பெயின்ற் துளிகள் காரைத் தொடுமுன்னே பாதி காய்ந்து சொரசொரப்பாக விழும். மாசி முதல் சித்திரை வரையான காலத்தில், பனி ஈரம் விலகியபின் வெயில் ஏறுமுன், ஏறத்தாழ 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் பூசுவது நல்லது. மழைக்காலத்தில் பெட்டி கிடைத்தால் கவலைப்படாதீர்கள். 4 முதல் 7 வரையான பகுதிகளுக்கே அந்த மாதங்கள் போதாது.

4. எண்ணுதல், கழுவுதல், நிமிர்த்துதல்

பாகங்களைச் சட்டத்தில் இருந்து பிரிக்காமலே விளக்கத்தாளோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். பழைய பெட்டிகளில் கழன்ற சிறு பாகங்கள் அடியில் கிடக்கும். பொதிச் சுருளைக்கூட விரித்துப் பார்த்த பிறகே எறியுங்கள். ஒன்று குறைந்தால் இப்போதே தெரியவேண்டும். செய்துகொள்ள நேரம் கிடைக்கும்.

விடுபட்ட தட்டையான பாகங்களைச் செய்ய யோகட் கப் உதவும். அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற எண் இருந்தால் அது பொலிஸ்ரைரீன். அதே சிமெந்தில் ஒட்டும். கதவுப்பிடி, அன்ரெனா போன்றவற்றுக்குச் சட்டத்தின் ஒரு துண்டை மெழுகுதிரிச் சுடருக்கு மேலே, சுடர் படாமல், சுழற்றிச் சூடாக்கி மென்மையானதும் வெளியே எடுத்து இழுங்கள். மெல்ல இழுத்தால் தடித்த கம்பி, வெடுக்கென்று இழுத்தால் நூல்.

அடுத்தது கழுவுதல். வார்ப்பில் இருந்து எளிதாகக் கழல்வதற்காகத் தடவிய எண்ணெய்ப் பொருள் பாகங்களில் இன்னும் இருக்கும். கழுவாமல் பூசிய பெயின்ற் மாஸ்கிங் ரேப்போடு தோலாக உரிந்து வரும். வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சவர்க்காரம், பழைய பல் தூரிகை போதும். வடிகட்டி ஒன்றைத் தண்ணீர்ப் போக்கில் வையுங்கள். ஹெட்லைற் கண்ணாடி போனால் திரும்பாது. குரோம் பூச்சுள்ள பாகங்களைத் தேய்க்காதீர்கள்.

வளைந்த பாகத்தைக் கையால் நிமிர்த்தினால் முறியும். பழைய பிளாஸ்ரிக்குக்கு இளகும் குணம் குறைவு. 60 முதல் 70 பாகை சூடுள்ள, கொதிக்காத நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி, எடுத்துக் கண்ணாடித் துண்டில் அழுத்திப் பிடித்துக் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். ஒரே தடவையில் நேராகாது. திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கொதிநீர் கூடாது, 100 பாகையை அண்மித்தால் பொலிஸ்ரைரீன் தன் வடிவத்தையே மறந்துவிடும்.

மென்மையான வினைல் ரயர்கள் உள்ள பெட்டியானால் அவற்றை இன்றே தனி உறையில் போடுங்கள். வினைலை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் காலப்போக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பொலிஸ்ரைரீனைக் கரைக்கும். பல பழைய பெட்டிகளில் உடலின் மேல் ரயரின் தடம் உருகிப் பதிந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

5. பிரித்தலும் சுரண்டலும்

பாகத்தைச் சட்டத்தில் இருந்து ஒட்ட வெட்டாதீர்கள். சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, 400 ஆல் தேய்க்கவேண்டும். ஒட்ட வெட்டினால் பாகத்தின் சதையும் பிய்ந்து வரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்துக் கொட்டுவதும் தவறு: எண் சட்டத்தில்தான் எழுதியிருக்கிறது, பாகத்தில் அல்ல.

பழைய வார்ப்புகளில் ஓரங்களில் மெல்லிய தகடுபோல் பிசிர் இருக்கும். வார்ப்பின் இரு பாதிகள் சேர்ந்த கோடு ஒன்றும் இருக்கும். கார்களில் இந்தக் கோடு முன் மட்கார்ட்டின் வளைவு வழியாகவும் கூரையோரமாகவும் ஓடும். வெறும் பிளாஸ்ரிக்கில் கண்ணுக்கே தெரியாது; பளபளப்பான பெயின்ற் பூசியதும் முதலில் தெரிவது அதுதான். கத்தியின் கூரான பக்கத்தால் சீவாமல் முதுகால் சுரண்டுங்கள். கூரான பக்கம் வளைவைத் தட்டையாக்கிவிடும். விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தடக்காவிட்டால் கோடு போய்விட்டது.

கதவு, பொனற், பூட் ஆகியவற்றின் இடைவெளிக் கோடுகளை ஊசியால் மெல்ல ஆழமாக்குங்கள். 0.1 மில்லிமீற்றர் தடிப்புள்ள பெயின்ற் 1/32 அளவில் 3.2 மில்லிமீற்றருக்குச் சமம். ஆழமில்லாத கோடு இரண்டாம் பூச்சிலேயே தூர்ந்துவிடும். கதவு வரைந்த கோடுகூட இல்லாத காராகிவிடும்.

6. ஒட்டாமல் பூட்டிப் பார்த்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதவர்களை நான் இன்னும் அதிகம் பார்க்கவில்லை. பசையைத் தொடுமுன் உடல், அடித்தட்டு, உள்தட்டு, கண்ணாடி, சில்லு எல்லாவற்றையும் மாஸ்கிங் ரேப்பால் கட்டி ஒரு முழுக் காராக நிறுத்துங்கள்.

இதில் தெரியவருவன: கண்ணாடிக்கும் உள்தட்டுக்கும் இடம் போதுமா, ஆசனம் கூரையில் முட்டுகிறதா, அடித்தட்டு உடலுக்குள் எந்தக் கோணத்தில் நுழைகிறது, ரயர் மட்கார்ட்டில் உரசுகிறதா. பழைய பெட்டிகளில் ஏதாவது ஒன்று கட்டாயம் உரசும். இப்போதென்றால் இரண்டு தேய்ப்பில் சரியாகும். நிறம் பூசி, கண்ணாடி ஒட்டியபின் உரசினால் வழியில்லை.

கழற்றும்போது எந்த வரிசையில் கழல்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் பூட்டும் வரிசை அதைத் தலைகீழாக்கினால் கிடைக்கும். விளக்கத்தாளின் வரிசையைவிட இது நம்பிக்கையானது.

7. உடலை ஒன்றாக்குதல்

சில பெட்டிகளில் உடல் ஒரே வார்ப்பு. அப்படியானால் இந்தப் பகுதியில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. பக்கங்கள், கூரை, பொனற் தனித்தனியாக இருந்தால் அவற்றை நிறம் பூசுமுன் ஒட்டியாக வேண்டும். தனித்தனியே நிறம் பூசிப் பிறகு ஒட்டுவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. சிமெந்து பெயின்றையும் கரைக்கும், இணைப்பு பிளந்த வடுவாகத் தெரியும், நிரப்பவும் முடியாது.

இரு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துவிட்டு, தூரிகையில் ஒரு துளி எடுத்து உள்பக்கமிருந்து இணைப்பைத் தொடுங்கள். துளி தானாக இணைப்பு வழியே ஓடும். வெளிப்பக்கமிருந்து தொட்டால் அது விரலுக்கும் உடலுக்கும் இடையே ஓடி, உங்கள் கைரேகையைக் கூரையில் பதித்துவிடும். உடுப்புக் கிளிப்பால் பிடித்து ஒரு இரவு விடுங்கள்.

இடைவெளிகளுக்கும் வார்ப்பில் உள்வாங்கிய பள்ளங்களுக்கும் கராஜில் பயன்படும் ஒற்றைப் பட்டி, அதாவது எதுவும் கலக்காமல் பூசும் நிரப்புக் களி, சரிவரும். மெல்லிய அடுக்காக, அடுக்குக்கு அடுக்கு உலரவிட்டு. தடிப்பாகப் பூசினால் அதிலுள்ள தின்னர் கீழுள்ள பிளாஸ்ரிக்கை இளக்கும். உலர்ந்தபின் சுருங்கிப் பள்ளமும் திரும்ப வரும். சட்டத்தின் துண்டுகளைச் சிமெந்தில் கரைத்துக் கூழாக்கியும் நிரப்பலாம். உலர நாட்கள் ஆகும், ஆனால் காரோடு ஒரே பொருளாகிவிடும். 400, 600, 1000 என்ற வரிசையில் நீரில் நனைத்துத் தேயுங்கள். ஒரு இலக்கத்தைத் தாண்டிப் பாய்ந்தால் முந்திய கீறல் பெயின்றின் கீழே இருந்து சிரிக்கும்.

8. பிரைமர்

பிரைமருக்கு இரண்டு வேலை: நிறத்தைப் பிடித்துவைப்பது, பிழையைக் காட்டிக்கொடுப்பது. சாம்பல் நிறம் எடுங்கள். கராஜ் ஸ்பிறேப் பேணிகள் உலோகத்துக்குச் செய்யப்பட்டவை. அவற்றின் தின்னர் பிளாஸ்ரிக்கை வெடிக்கச் செய்யக்கூடும். சட்டத்தில் பரீட்சித்த பிறகு, முதற் பூச்சைத் தூசிபோல் மிக மெல்லியதாக அடியுங்கள். நனையும்படி ஒரே தடவையில் அடித்தால்தான் பிளாஸ்ரிக் சிலந்திவலைபோல் வெடிக்கும்.

காய்ந்ததும் விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். போய்விட்டது என்று நினைத்த கோடுகள் திரும்பி வந்திருக்கும். 7ஆம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். அப்படிப் போவது வேலையின் ஒரு பாகம்தான், தோல்வியல்ல.

9. உடலின் நிறம்

மைனருக்கு ஸ்மோக் கிரே, ஆமண்ட் கிரீன், ட்ரஃபல்கர் புளூ, கறுப்பு எல்லாம் தொழிற்சாலை நிறங்கள். ஊர்க் காருக்கு நீங்கள் எடுத்த படம்தான் ஆதாரம்.

முதலில் ஒரு தடை: எனாமல் மேல் லாக்கர், அதாவது விரைவாக உலரும் கராஜ் பெயின்ற், போகாது. ஹாட்வெயார் எனாமல் பூசி அதற்கு மேல் கராஜ் லாக்கர் ஸ்பிறே அடித்தால், அடியில் உள்ளது ஊறிச் சுருங்கி முதலைத்தோலாகும். லாக்கர் மேல் எனாமல் போகலாம். அதாவது லாக்கர் பிரைமருக்கு மேல் எனாமல் நிறம் பிரச்சினையில்லை.

உடலை ஒரு வெற்றுப் போத்தலின் கழுத்தில் ரேப்பால் மாட்டி நிறுத்துங்கள். கையால் தொடாமல் சுற்றலாம். நிலத்தில் தண்ணீர் தெளியுங்கள், புழுதி அடங்கும். ஸ்பிறேயை 15 முதல் 20 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து, காருக்கு வெளியே தொடங்கிக் காரைக் கடந்து வெளியே நிறுத்துங்கள். காரின் மேல் தொடங்கினால் முதற் துப்பலில் வரும் பெரிய துளி அங்கேயே விழும். முதலில் ஓரங்கள், கதவுக் கோடுகள், மட்கார்ட்டின் அடி; பிறகு பக்கங்கள்; கடைசியில் கூரையும் பொனற்றும். கண் அதிகம் படுகிற இடம் கடைசியில் ஈரமாக இருந்தால் அங்கே தூசித்துளி விழாது.

தூரிகையால் பூசுபவர்கள் வீட்டு எனாமலைக் காலுறைத் துணியில் வடித்து, பால்போல் ஓடும்வரை டேர்பன்டைன் சேர்க்கவேண்டும். ஒரே திசையில், பூசிய இடத்துக்குத் திரும்பிப் போகாமல். முதற் பூச்சில் சாம்பல் நிறம் தெரியத்தான் செய்யும். தெரியவே கூடாது என்று தடிப்பாகப் பூசுவதால்தான் வடிகிறது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதற்கு எனாமல் போன்ற சாட்சி வேறில்லை.

பூசியவுடன் பெரிய பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டியால் மூடுங்கள். அடியில் சிறிது இடைவெளி விடுங்கள், ஆவி வெளியேறவேண்டும். பூச்சுக்குப் பூச்சு ஒரு நாள் இடைவெளி. எல்லாம் முடிந்து ஒரு வாரமாவது கழித்து மூக்கருகே பிடித்துப் பாருங்கள். பெயின்ற் மணம் இருந்தால் உள்ளே இன்னும் காயவில்லை. தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளமல்ல.

கூரை வேறு நிறமென்றால் வெளிர் நிறத்தை முதலில் பூசுங்கள். வெளிரின் மேல் அடர் நிறம் நிற்கும், அடரின் மேல் வெளிர் நிற்க நான்கு பூச்சு வேண்டும். ஹாட்வெயார் ரேப்பைக் கண்ணாடியில் ஒட்டிப் புதிய ஓரம் வெட்டுங்கள், சுருளின் ஓரத்தில் தூசி ஒட்டியிருக்கும். உள்ளங்கையில் ஒரு தடவை ஒட்டி எடுத்து அதன் பிடியைக் குறைத்த பிறகே காரில் ஒட்டுங்கள்.

எனாமல் பூச்சு கெட்டுப்போனால் உடலைக் கழற்றி எறியவேண்டாம். கராஜில் கிடைக்கும் பிரேக் ஒயிலில் ஒரு நாள் ஊறவிட்டால் பெயின்ற் இளகிக் கழன்றுவிடும், பொலிஸ்ரைரீனுக்குச் சேதமில்லை. கையுறை போட்டு, பல் தூரிகையால் தேய்த்து, சவர்க்காரத்தால் கழுவுங்கள். இதற்கும் சட்டத்துண்டுப் பரீட்சை உண்டு. கண்ணாடிப் பாகங்களை அதில் போடாதீர்கள். கண்ணாடி ஒட்டுமுன் நிறத்தை முடிக்கச் சொல்வது இந்த வழி திறந்திருக்கவேண்டும் என்பதற்காகத்தான்.

10. உடல் காயும் நாட்களில்

அடித்தட்டு, எஞ்சின், ஆசனங்கள் எல்லாவற்றையும் இந்த இடைவெளியில் முடியுங்கள். அடித்தட்டுக்கு மங்கிய கறுப்பு, ஆசனத்துக்கு மங்கிய சிவப்போ பழுப்போ. பளபளப்பு உடலுக்கு மட்டும்.

ஸ்ரியரிங் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சில பெட்டிகள் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனி முன்பலகை தருகின்றன. அமெரிக்கப் பெட்டிப் படத்தைப் பார்த்து இடப்பக்கத்தில் பூட்டிவிடுகிறார்கள். நம் வீதியில் ஓடிய காருக்கு வலப்பக்கம்.

சில்லுகளைச் சிமெந்து இறுகுமுன் கண்ணாடித் துண்டில் நிறுத்தி, அடித்தட்டின் மேல் ஒரு பற்றரியைப் பாரமாக வையுங்கள். ஒவ்வொரு ரயரின் அடியிலும் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் அந்தச் சில்லு தரையைத் தொடவில்லை. வினைல் ரயர் மாட்டுமுன் சில்லின் விளிம்பில் பெயின்ற் பூசி நன்றாக உலரவிடுங்கள். 4ஆம் பகுதியில் சொன்ன உருகலுக்கு ஒரு தடுப்பாக இருக்கும்.

11. குரோமும் கண்ணாடியும்

குரோம் பூசிய பம்பரையும் கிரில்லையும் அப்படியே சிமெந்தில் ஒட்டினால் பிடிக்காது. சிமெந்து குரோமைத்தான் தொடுகிறது, பிளாஸ்ரிக்கை அல்ல. ஒட்டும் இடத்தில் மட்டும் குரோமைச் சுரண்டுங்கள்.

பக்கவாட்டுப் பட்டைக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் குசினி அலுமினியத் தாள் போதும். மெல்லிய எனாமல் வார்ணிஷைக் கோட்டில் தடவி, தொட்டால் சற்று ஒட்டும் நிலை வரும்வரை காத்திருந்து, தாளைப் பரப்பிப் பஞ்சுக்குச்சியால் அழுத்துங்கள். மறுநாள் புது அலகால் ஓரத்தை வெட்டி எடுங்கள். பழைய அலகு வெட்டாது, கிழிக்கும்.

கண்ணாடிக்கு வெள்ளைப் பசை மட்டும். சுப்பர் குளுவில் இருந்து எழும் ஆவி கண்ணாடியில் வெண்மையாகப் படியும். மூடிய உடலுக்குள் அது இன்னும் மோசம். சிமெந்து கண்ணாடியை வெடிக்க வைக்கும். வெள்ளைப் பசை உலர்ந்ததும் நிறமற்றுப் போகும், பிழைத்தால் ஈரத் துணியால் துடைக்கலாம். மஞ்சளித்த, வெடித்த பழைய கண்ணாடி தட்டையானதென்றால் சேட்டுப் பெட்டியின் தெளிவான மூடியில் இருந்து புதிதாக வெட்டுங்கள். வளைந்ததென்றால் 2000 இலக்கத்தால் நீரில் தேய்த்துப் பற்பசையால் மினுக்குங்கள்.

12. டெக்கல்களும் இலக்கத்தகடும்

தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி இறக்கும் இந்தப் படங்கள் பல பத்தாண்டு கழித்து இரண்டு விதமாகக் கெடும்: மஞ்சளிக்கும், தண்ணீரில் போட்டதும் நொறுங்கும். மஞ்சளுக்கு நம் வெயில் மருந்து. தெளிவான பிளாஸ்ரிக் உறையில் போட்டு, படம் வெளியே பார்க்கும்படி யன்னல் கண்ணாடியில் சில வாரங்கள் ஒட்டிவையுங்கள். நொறுங்குவதற்குத் தெளிவான வார்ணிஷ் ஒரு மெல்லிய பூச்சு. அது புதுத் தோலாகப் பிடித்துக்கொள்ளும். பூசியபின் ஒவ்வொரு படத்தையும் ஒட்ட வெட்டவேண்டும், இல்லாவிட்டால் தாள் முழுவதும் ஒரே படம். தேவையில்லாத ஒன்றை முதலில் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

பெட்டியில் வரும் இலக்கத்தகடு பெரும்பாலும் இங்கிலாந்துக்கானது. ஊர்க் காருக்கு நீங்கள் பார்த்த தகட்டின் அமைப்பை அச்சுக்கடையில் சிறிதாக்கி எடுங்கள். இலக்கத்தை மட்டும் மாற்றுங்கள், அது இன்னொருவருடைய வாகனம்.

13. இறுதிப் பூட்டு

6ஆம் பகுதியில் எழுதிய தாளை எடுத்துத் தலைகீழாக வாசியுங்கள். பொதுவாகக் கண்ணாடி, உள்தட்டு, அடித்தட்டு, பம்பர், விளக்கு, கடைசியில் பின்னால் பார்க்கும் பக்கக் கண்ணாடி, துடைப்பான் போன்ற மெல்லியவை. மெல்லியவற்றை முன்னரே பூட்டுகிறவர்கள் அடித்தட்டை அழுத்தும்போது முறிக்கிறார்கள்.

அடித்தட்டையும் உடலையும் சிமெந்தால் ஒட்டாதீர்கள். நான்கு இடத்தில் வெள்ளைப் பசைப் பொட்டு போதும். பிறகு ஒரு கண்ணாடி உள்ளே விழுந்தால் கத்தி நுனியால் திறக்கலாம்.

14. புழுதி, விரும்பினால்

நிஜ மண்ணைப் பூசாதீர்கள். அரை மில்லிமீற்றர் மணல் 1/32 அளவில் 16 மில்லிமீற்றர் கல். செங்கட்டியையும் வெள்ளைச் சோக்கையும் அரைத்து மெல்லிய துணியில் சலித்துக் கலந்தால் மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிறவல் நிறம் வரும். காய்ந்த தூரிகையால் சில்லு வளைவுகளிலும் கதவின் அடியிலும் பின்பக்கத்திலும் மட்டும். முன்கண்ணாடியில் துடைப்பான் ஓடும் பிறையை விட்டுவிடுங்கள்.

1990களில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களைக் கண்டவர்களுக்குப் புகைக்குழாயைச் சுற்றி எவ்வளவு கரி படியும் என்று தெரியும். அந்தக் காலத்துக் காரைக் கட்டினால் பென்சில் கரியை அங்கே தாராளமாகத் தேயுங்கள்.

புழுதி போட்டபின் மேலே வார்ணிஷ் அடித்தால் பாதி மறைந்துவிடும். ஆகவே தொடாமல் எடுக்கும் பெட்டி ஒன்று வேண்டும். வினைல் ரயர் உள்ள காரைப் பொலிஸ்ரைரீன் பெட்டியின் அடியில் நேரடியாக நிறுத்தவேண்டாம், ஒரு கண்ணாடித் துண்டு வையுங்கள். யன்னல் வெயிலில் வைக்காதீர்கள். காட்டப் போகும்போது மூடிய வானுக்குள் விட்டுவிட்டு இறங்கவும் வேண்டாம்.